உயிரியல் வகுப்பும் நம் சமுதாயமும்

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், அதில் எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றனர் என்று கணக்கிடுவதோடு அமைந்து விடுவது வழக்கம். எந்தப் பாடத்தை, எந்த வகுப்பு வரையில் பயிலும் வாய்ப்பு அச்சமுதாயத்திற்கு எப்போது கிட்டியது என்னும் கேள்வியும் அதற்கு இணையாகக் கேட்கத் தக்கதேயாகும். மேல்நிலை வகுப்பின் உயிரியல் பாடம் அத்தகைய கேள்விக்கு உரியது. மருத்துவர், கால்நடை மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், மீன்வள வல்லுநர் ஆகியோரிற் பெரும்பாலோர் இவ்வகுப்பின் வழியாகச் சென்றவர்களே.

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் தொடங்கித் தாம்பரம் வரையில் பரந்து கிடக்கும் நம் ஊர்களில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எந்தப் பிரிவில் சேர்வது என்று ஆண்டுதோறும் தயங்கி நிற்பதைக் காண்கிறோம். "அறிவியல் பிரிவு நமக்கு எட்டாது" என்னும் சொல் சில வீடுகளில் பெற்றோர் வாயிலிருந்தே வருகிறது. இச்சொல் எங்கிருந்து வந்தது, அது உண்மைதானா என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சங்கத்தின் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இளைஞர்கள் இதனை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

வேலியோரத்து அறிவு

உயிர்களைப் பற்றிய அறிவு நம் மக்களுக்கு அயலானது அன்று. மேல்நிலைத் தாவரவியலில் பல்லாண்டுகள் பாடமாக இருந்த குடும்பங்கள் எவை? செம்பருத்தியின் குடும்பம், ஊமத்தையின் குடும்பம், ஆமணக்கின் குடும்பம், வாழையின் குடும்பம். இவை யாவும் நம் குடிசை வேலியோரத்தில் வளர்ந்தவை. நாற்றின் நோயைக் கண்ணால் அறிந்து சொன்னவர்கள் நம் உழவுத் தொழிலாளர்கள். பசு கன்று ஈனத் தடுமாறிய இரவில் ஆண்டை வீட்டுத் தொழுவத்திற்கு அழைக்கப்பட்டவர்களும் நம் முன்னோர்களே.

இறந்த மாட்டை அகற்றித் தோலை உரிக்கும் பணி நம் மீது சுமத்தப்பட்டது. அப்பணியைச் செய்தவர் இதயம் எங்கே, நுரையீரல் எங்கே, குடல் எவ்வாறு சுருண்டு கிடக்கிறது என்பதைப் புத்தகம் இன்றியே அறிந்திருந்தார். ஆனால் அந்த அறிவுக்குக் கிடைத்த பரிசு தீண்டாமை. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 1836இல் கல்கத்தாவில் நடந்தது. அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் என்னும் வைத்தியர் மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற தடையை அவர் மீறியதைக் கொண்டாட வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றும் சொல்வர். அறிந்த கைக்குத் தீட்டும், அதே செயலைக் கல்லூரியில் செய்த கைக்குப் பெருமையும் கிடைத்தன என்றால், இரண்டுக்கும் இடையே நின்ற வேறுபாடு பள்ளிக்கூடமும் பட்டமும் ஆகும். அவ்விரண்டும் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டன.

தமிழில் இவ்வறிவைக் கற்பிக்க இயலாது என்பதும் பொருந்தாது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தங்கி, 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலையும் மருத்துவத்தையும் தமிழில் நூலாக்கி, தமிழ் வழியே மாணவர்களுக்குக் கற்பித்தார். மொழி தடையாக இருக்கவில்லை. யார் உட்காரலாம் என்பதே தடையாக இருந்தது.

பள்ளிக்கூடத்தின் படி

நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைக் குறித்து ஓர் அறிக்கை அரசுக்கு அளித்தார். நிலமின்மை, கடனடிமை, குடியிருப்பு மனை இன்மை, கல்வியின்மை ஆகியவற்றை அதில் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்குச் சலுகைகள் வழங்கும் ஆணையும் பிறந்தன. ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிமார்கள் இம்மாவட்டத்தில் நம் மக்களுக்காகக் குடியிருப்புகளையும் பள்ளிகளையும் அமைத்தனர். 1894இல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் போன்ற நம் தலைவர்களும் அக்காலத்தில் கல்விக்காகப் பெரிதும் உழைத்தனர்.

ஆயினும் பள்ளிக்குள் நுழைந்த பின்னும் அச்சம் நீங்கவில்லை. நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதி வெளிப்பட்டு விடுமோ என்று அஞ்சி உடன் பயின்றோரோடு கலந்து விளையாடாமல் விலகியிருந்ததைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிவு செய்துள்ளார். பிற்காலத்தில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த பெரியவரின் இளமை அவ்வாறு கழிந்தது. உயிரியல் போன்ற பாடம் ஒரே மேசையில் நால்வர் கூடி நின்று செய்ய வேண்டிய பாடம் என்பதை எண்ணிப் பாருங்கள். அருகில் நிற்கவே அஞ்சிய மாணவன் எவ்வாறு செய்முறை கற்றிருக்க முடியும்?

1920ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளர் ஆணையரின் துறை, பொதுப் பள்ளிகள் சேர்த்துக் கொள்ளாத நம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகளை நடத்தலாயிற்று. அவையே பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் என்னும் பெயருடன் விளங்குகின்றன. 1944இல் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கு இந்திய அரசின் உதவித்தொகை வந்தது. தொடக்கக் கல்வியின் கதவு இவ்வாறு சிறிது சிறிதாகத் திறந்தது. அறிவியல் ஆய்வகத்தின் கதவோ இன்னும் தொலைவில் இருந்தது.

ஆய்வகம் ஊருக்கு வந்த கதை

1978க்கு முன்னர் நம் மாநிலத்தில் பதினொரு ஆண்டுப் பள்ளிப் படிப்பும், அதன்மேல் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்தன. மருத்துவத்துக்கோ வேளாண்மைக்கோ செல்லத் தேவையான தாவரவியலும் விலங்கியலும் அப்புகுமுக வகுப்பில்தான் விரிவாகக் கற்பிக்கப்பட்டன. அதாவது நுண்ணோக்கியைத் தொட விரும்பிய சிறுசேரிப் பிள்ளை முதலில் ஒரு கல்லூரிக்குள் நுழைந்தாக வேண்டும். தாம்பரத்தில் 1937 முதல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருந்தது. அதன் வளாகத்துக் காட்டில் மரம், செடி, பறவை ஆகியவற்றைப் பேராசிரியர்கள் ஆராய்ந்து வந்தனர். ஆயினும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்குக் கல்லூரி என்பது கட்டணம், விடுதி, ஆங்கிலம் என்னும் மூன்று மதில்களுக்கு அப்பால் இருந்தது.

இடஒதுக்கீட்டின் வரலாற்றிலும் இப்படிப்பு நடுநாயகமாக நிற்கிறது. 1951இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற செண்பகம் துரைராஜன் வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதே. வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பானது. தமிழகமெங்கும் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் கல்வியில் தனி ஏற்பாடு செய்யும் உரிமை 15ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. நாட்டின் சட்டத்தையே திருத்தும் அளவுக்கு உயிரியல் மாணவரின் இருக்கை பெருமதிப்புடையதாக இருந்தது.

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. இதன் பெருமையைப் பலரும் உணர்ந்திலர். கல்லூரியில் இருந்த ஆய்வகம் இதனால் அரசுப் பள்ளிக்கு இறங்கி வந்தது. கணிதத்துடன் உயிரியல் பயிலும் பிரிவும், தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியே பயிலும் பிரிவும் அமைந்தன. வெங்காய வேர்நுனியில் உயிரணு பிரிவதைத் தம் ஊர்ப் பள்ளியிலேயே காணும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. 2001-02இல் ஆதி திராவிடர், பழங்குடியினர் சமுதாயத்து மேல்நிலை மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்ததும், தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் சிலரின் மனம் மாறியது. அத்திட்டம் பின்னர் எல்லா மாணவர்க்கும் விரிந்தது.

தேர்வின் மேல் தேர்வு

கதவு அகலத் திறந்த சில ஆண்டுகளிலேயே உள்ளே இன்னொரு கதவு பொருத்தப்பட்டது. 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பள்ளிப் பாடத்தை ஓதிய பிள்ளை, தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டிய பிள்ளையோடு போட்டியிட நேர்ந்தது. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின்னர் 2006இல் சட்டமன்றம் அதனை நீக்கச் சட்டம் இயற்றியது; 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் பத்தாண்டுகள் மேல்நிலை மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது.

2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த நம் சமுதாயத்துச் செல்வி அனிதா, மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அம்மாணவியை 2017 செப்டம்பர் 1ஆம் நாள் நாம் இழந்தோம். அந்த இழப்பை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் இளைஞர்கள் ஒன்றை மனத்திற் பதித்துக் கொள்ள வேண்டும். எந்தத் தேர்வும் உங்கள் உயிரினும் பெரிதன்று. மனம் சோரும் வேளையில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நம் சங்கத்தாரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அனிதாவை நினைவு கூர்வதற்கு உரிய வழி, அவர் விரும்பிய வகுப்பில் நம் பிள்ளைகள் நிறைந்து அமர்வதேயாகும்.

2018இல் நடந்த நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்குமாறு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. 2020இல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்யும் சட்டம் வந்தது. ஆதி திராவிடர் நலப் பள்ளி மாணவர்களும் இதற்கு உரியவர்களே. நீட் தேர்விலிருந்து விலக்கு வேண்டித் தமிழகச் சட்டமன்றம் 2021இலும் மீண்டும் 2022இலும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விதி மாறிய ஒவ்வொரு முறையும், அதனை முதலில் அறிந்தவர்கள் முந்திக்கொண்டனர். கடைசியில் அறிந்தவர்கள் பின்தங்கினர். நம் தெருவுக்குச் செய்தி கடைசியில் வருவதே நம் பின்னடைவின் பெரும்பகுதிக்குக் காரணம். அறிவுக் குறைவு காரணமன்று.

வகுப்பு நம்மிடம் எதிர்பார்ப்பவை

ஆகவே இன்றைய விதிகளைத் தெளிவாக அறிந்து கொள்வோம். 2017-18க்கு முன் உயிரியலுக்கு 200 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. பாடத்திட்டமும் தேர்வு முறையும் மாறிய பின் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மதிப்பெண் ஆயிற்று. இதில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் மட்டும் 15க்குக் குறையலாகாது. பதினொன்றாம் வகுப்பின் பொதுத்தேர்வை அரசு 2025-26 முதல் நீக்கியுள்ளது. இதனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணிக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டா. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் சரிபாதியாகிய 360 உயிரியலுக்கு உரியது. அதன் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன.

அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணை எளிதாகக் கருதுவது தவறு. வருகைப் பதிவும் பள்ளித் தேர்வுகளும் ஒப்படைப்பும் அதில் அடங்கும். குடும்பத்தில் திருமணம், திருவிழா, கூலி வேலை என்று பிள்ளையை நிறுத்திக் கொள்ளும் பெற்றோர், வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுதுவதே இடர்ப்பாடாகும் என்பதை அறிய வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு என்று மாணவர் வழங்கும் செய்முறைப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். அதனை இன்னொருவர் ஏட்டைப் பார்த்து வரைந்து நிரப்புவது பரவலான வழக்கமாகி விட்டது. நுண்ணோக்கியில் தாம் கண்டதைத் தாமே வரைந்தவருக்கு அப்பொருள் ஆயுள் முழுதும் மறவாது. கண்டதை உள்ளபடி எழுதும் நேர்மையே அறிவியலின் முதல் ஒழுக்கம். படம் அழகாக வரவில்லையெனினும் உண்மையாக இருத்தல் வேண்டும். பாகங்களின் பெயரைத் தமிழ் வழியில் பயில்வோர், ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதிப் பழகுவது மேற்படிப்புக்குத் துணையாகும்.

மருத்துவம் ஒன்றே இலக்கு என்று கருதி, அது கிட்டாதபோது மனம் உடைவது வேண்டா. நம் மாநிலத்தில் வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், செவிலியர், மருந்தியல் பட்டப் படிப்புகளின் மாநில இடங்களுக்கு மேல்நிலை மதிப்பெண்ணே அடிப்படை. நம் ஊருக்கு அருகிலேயே முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும், காட்டாங்கொளத்தூர்ப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையமும், வண்டலூரில் 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் உள்ளன. சிறுசேரியில் எழுந்துள்ள கண்ணாடிக் கட்டடங்களின் வாயிற்காவலும் துப்புரவும் மட்டுமே நம் பிள்ளைகளின் பங்கு என்று ஆகிவிடலாகாது.

நாம் வகுப்பிடம் எதிர்பார்ப்பவை

மாணவர்க்குக் கடமை உண்டெனில் பள்ளிக்கும் உண்டு. உயிரியல் பிரிவு இருந்தும் பாட ஆசிரியர் இடம் காலியாகக் கிடப்பதும், நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதும் ஏற்கத் தக்கன அல்ல. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் காட்டி, "உனக்கு அறிவியல் வராது" என்று வேறு பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளின் குறையை நம் பகுதியில் கேட்டிருக்கிறோம். இத்தகைய நேரத்தில் பெற்றோரும் சங்கத்தாரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து பேச வேண்டும். செய்முறை மேசையில் மாணவரைப் பிரித்து நிறுத்துவதில் சாதி புகுந்து விடாதபடி பார்த்துக் கொள்வதும் தேவை. பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைவது குறித்து ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் மாணவரை அகரவரிசைப்படி அமர்த்துமாறு பரிந்துரைத்தது. ஆய்வகத்திற்கும் அது பொருந்தும். ஆய்வகத்தைக் கூட்டுவதும் கழுவுவதும் எல்லா மாணவர்க்கும் முறை வைத்துப் பொதுவாதல் வேண்டும்.

இப்பாடம் நமக்கு ஏன்

வேலைக்காக மட்டும் இப்பாடத்தைப் பயிலச் சொல்லவில்லை. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனையை அறியாதார் நம் வட்டாரத்தில் இலர். நெருக்கமான, காற்றோட்டமற்ற குடியிருப்புகளில் அந்நோய் எளிதிற் பரவும். அது முன்வினையால் வருவதன்று, கிருமியால் வருவது என்று ராபர்ட் காக் 1882இல் மெய்ப்பித்தார். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய நம் சகோதரர்கள் நொடியில் மயங்கி மடிகிறார்கள். காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. சாண எரிவாயுப் பாடத்தில் வரும் அதே வகை நுண்ணுயிர்கள்தாம் அங்கே நஞ்சைப் பிறப்பிக்கின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணியில் மனிதரை இறக்குவதைத் தடை செய்தும் இறப்புகள் நிற்கவில்லை. இந்த உண்மையைத் தெருவில் விளக்கிச் சொல்லும் ஓர் உயிரியல் மாணவர் ஓர் உயிரைக் காக்க வல்லவர்.

இப்பாடத்தின் மற்றொரு பயன் இன்னும் பெரிது. 1901இல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்தார். அப்பிரிவுகளுள் எதுவும் ஒரு சாதிக்கென்று அமைந்ததன்று. அவசர வேளையில் யார் குருதி யாருக்குப் பொருந்தும் என்பதைக் குலம் தீர்மானிப்பதில்லை. சாதிப் பிரிவினை இனப் பிரிவினை அன்று என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் தம் "சாதி ஒழிப்பு" நூலில் வாதிட்டார். மரபியல் பாடத்தைப் படிக்கும் மாணவர் அதனை வகுப்பிலேயே கற்கிறார். பட்டாணிச் செடியின் உயரத்துக்குக் காரணி உண்டு; தீண்டாமைக்கு உயிரணுவில் இடமே இல்லை.

நம் வட்டாரத்துப் பெருமைகள் இரண்டை நினைவூட்டி முடிக்கிறோம். தாம்பரத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை, சித்த வைத்தியராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக் கடிக்கான மருந்து செய்ய நஞ்சு எடுத்துத் தருகிறது. நம் மாவட்டத்து இருளர் பெருமக்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஏட்டுப் படிப்பு மறுக்கப்பட்ட சமுதாயங்கள் உயிர் காக்கும் அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன என்பதற்கு இவை சான்று.

இளைஞர்களே, அந்த அறிவோடு ஏட்டறிவும் சேர வேண்டிய காலம் இது. பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் தம்பி தங்கையரை அழைத்துச் சென்று, விருப்பம் உள்ளோரை உயிரியல் பிரிவில் துணிந்து சேருங்கள். முன்னரே பயின்றவர்கள் தம் நூல்களையும் நேரத்தையும் அவர்களுக்கு அளியுங்கள். முன்னோர் ஒரு படி ஏற ஒரு தலைமுறை ஆயிற்று. அடுத்த படி ஏற நமக்கு அத்தனை காலம் ஆகலாகாது.